இன்னும் ஒரு பூச்சு

தரகன் முகத்துக்கு அடர்பழுப்பு, மூன்றாம் எண்
என்று எழுதியிருந்தது என் தாளில்.
நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர்
தாளின்படி கோ தின் வின்.
கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துத்
தமிழில் மெதுவாகச் சொன்னார்:
"வீட்டில் இருளப்பன்.
பேரிலேயே இருக்கு தாயி,
முகத்திலும் வேணுமா?"

டல்லாவில் வாடகைக்குப் பிடித்த மர வீடு.
ரங்கூனிலிருந்து ஆறு தாண்டி வந்த ஜெனரேட்டர்
வாசலில் இருமிக்கொண்டிருந்தது.
நான்கு நாள் வேலை, பன்னிரண்டு நிமிடப் படம்:
வேலை என்று நம்பி எல்லை கடக்கும் பெண்,
தேடிப் போகும் அண்ணன்,
நடுவில் பணம் எண்ணும் ஒருவன்.
அண்ணனுக்கு வியர்வையை ஒற்றிவிட்டால் போதும்.
பெண்ணுக்குக் கன்னத்தில் வட்டமாய்த் தனக்கா,
பார்த்ததும் பாவம் என்று தோன்ற வேண்டும்.
தரகனுக்கு மட்டும்
இன்னும் ஒரு பூச்சு.
பிறகு இன்னும் ஒன்று.

பூசப் பூச இருளப்பன் பேசினார்:
"எங்க பூட்டனை ஒரு மேஸ்திரி
முன்பணம் கொடுத்துக் கப்பலேத்தினான்,
நெல் மில்லுக்கு.
கடன் தீர ரெண்டு தலைமுறை.
இப்ப நான் தரகன்."
உதடு அசையாதீர்கள் என்றேன்.

இயக்குநர் மா நிலார் நல்லவர்.
கூலி அன்றன்றைக்கே.
மொஹிங்காவில் முட்டை முதலில் எங்களுக்குத்தான்.
அதனால்தான் கேட்டேன்:
"எங்கள் தெருவிலும் ஒருத்தி போனாள்,
என்னைப் போல முகம்.
படத்தில் அவள் இருக்கலாமே?"
யோசித்தார், நிஜமாகவே யோசித்தார்.
"பார்க்கிறவர்கள் குழம்புவார்கள், அக்கா.
அந்த முகம் வந்தால்
அவள் இந்த நாட்டில் ஏன் இருந்தாள் என்பதே
கதையாகிவிடும்.
எனக்குப் பன்னிரண்டு நிமிடம்தான்."

ஐம்பத்தோராம் தெருவிலிருந்து போனவள் கலாவதி.
வீட்டில் கலா.
தமிழில் அது பிறையின் ஒரு கூறு.
பர்மியக் காதில்
எங்கள் எல்லாரையும் ஒரே வீச்சில்
கடலுக்கு அந்தப் பக்கம் தள்ளிவிடும் சொல்.
பெயர் வைத்த அன்று அவள் அப்பாவுக்குத்
தமிழ்க் காது மட்டும்தான் விழித்திருந்தது.
பள்ளிக்கூடத்தில் அவள் சூ மோன்.
மகளைத் தெருவில் பெயர் சொல்லிக் கூப்பிட
மரகதம் வாய் திறந்ததே இல்லை,
வளையலைக் கதவில் தட்டுவாள்.
காணாமல் போன அன்றும்
சந்து சந்தாய்த்
தட்டிக்கொண்டேதான் போனாள்.

கூட்டிப் போனவளைத் தெருவுக்கே தெரியும்.
வெளேரென்ற கை, கன்னத்தில் தனக்கா,
எந்தப் பிள்ளையைக் கண்டாலும் புளி மிட்டாய்.
மூசேயில் தையல் வேலை, சோறும் தங்குமிடமும் இனாம் என்றாள்.
அந்த முகத்தை
எந்த எண்ணில் கலப்பது?

கடைசி நாள்
கட்டையைக் கல்லில் உரைத்து
இருளப்பன் கன்னங்களில்
தனக்காவால் இரண்டு இலை வரைந்தேன்.
கண்ணை மூடிக்கொண்டார்,
குளிர்ந்ததோ என்னவோ.
மானிட்டரில் பார்த்த மா நிலார் திட்டவில்லை.
"இவனை யாராவது நம்பிவிடுவார்கள்" என்றார்.
"நம்பித்தானே போனாள்" என்றேன்.
ஒரே ஒரு முறை எடுத்தார்கள்.
பிறகு துடைக்கச் சொன்னார்.

திரையிட்டபோது அந்த ஒரு முறை
படத்தில் இல்லை.
மரகதம் என் பக்கத்தில்,
முந்தானையால் வாயை மூடிக்கொண்டு.
ஒன்பதாம் நிமிடம்
அண்ணன் தரகனின் சட்டையைப் பிடித்து
அரங்கே அதிரக் கத்துகிறான்:
"கலா! எங்கே?
எங்கே என் தங்கச்சி?"

பழகிய வசவுதான்,
நாற்பது வருஷம் கேட்ட காதுதான்.
ஆனாலும்
மரகதம் கையைத் தூக்கி
முன்னிருந்த நாற்காலியின் இரும்பில்
வளையலைத் தட்டினாள்.